-7.00 பவர்: கட்டுப்படியாகும் லென்ஸ் எது, லேசிக் சரிவருமா?

மைனஸ்_ஏழு:
இரண்டு கண்ணிலும் கண்ணாடி பவர் -7.00. வலதில் கூடவே -0.75 சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடும் பவர்), ஆக்சிஸ் (அதன் கோணம்) 180. கருவிழித் தடிமன் 498 மைக்ரான் என்று ஸ்கேன் சொல்கிறது. இப்போது போடுவது வருஷ லென்ஸ் (ஒரே ஜோடி வருஷம் முழுக்க). தினமும் தேவையில்லை, வாரம் மூன்று நாள் போதும். கையைக் கடிக்காத லென்ஸ் எது? லேசிக் (கருவிழியை லேசரால் செதுக்கிப் பவரைப் போக்கும் சர்ஜரி) போகலாமா வேண்டாமா என்பதை எதை வைத்து முடிவெடுப்பது? 'அந்த ஆஸ்பத்திரி சூப்பர்' ரகப் பதில்கள் வேண்டாம். பார்த்ததை எண்ணோடு சொல்லுங்கள்.

கோவை_ஆப்டோ:
கண்ணாடிச் சீட்டில் இருக்கும் -7.00ஐ அப்படியே லென்ஸுக்கு ஆர்டர் போடுவதுதான் முதல் தப்பு. கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்கிறது, லென்ஸ் கருவிழி மேலேயே உட்காருகிறது. பவர் 4.00ஐத் தாண்டிவிட்டால் அந்த 12 மி.மீ. கணக்கில் வந்துவிடும். மைனஸ் பவருக்கு வழி இது: பவரை 0.012ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, வருவதால் பவரை வகுக்க வேண்டும். 7 × 0.012 = 0.084. 7 ÷ 1.084 = 6.46. ஆக உங்கள் லென்ஸ் -6.50. தெரியாமல் -7.00 போட்டால் தூரம் பளிச்சென்றுதான் தெரியும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சாயங்காலம் போன் பார்க்கும்போதுதான் நெற்றி வலிக்கும். பிளஸ் பவருக்குத் தலைகீழ், லென்ஸ் பவர் கண்ணாடியைவிடக் கூடும்.

வலது கண்ணில் சிலிண்டரும் இதே கணக்கில் சுருங்கும். 7.00உம் 0.75உம் சேர்ந்து -7.75 இருக்கும் திசை -7.09 ஆகிறது. 7.09லிருந்து 6.46 போனால் 0.63. டோரிக் லென்ஸில் (சிலிண்டரையும் திருத்தும் லென்ஸ்) சிலிண்டர் பெரும்பாலும் -0.75, -1.25, -1.75, -2.25 என்றுதான் வரும், ஆக்சிஸ் பத்துப் பத்தாக. ஆகவே முதலில் இரண்டு கண்ணுக்கும் சாதாரண -6.50 வைத்து சார்ட் படிக்கச் சொல்வோம். வலது கண் கடைசி வரியில் தடுமாறினால் மட்டும் -6.50 / -0.75 / 180 டோரிக். டோரிக் விலை கூடுதல், எல்லாப் பவரும் கடையில் இருப்பில் இருக்காது. தேவையில்லாமல் அதற்குள் போக வேண்டாம்.

இன்னொன்று. பெரும்பாலான பிராண்டுகளில் -6.00 வரைதான் கால் காலாகப் பவர் கிடைக்கும், அதற்கு மேல் அரை அரையாக. உங்களுக்கு -6.50 அமைந்தது அதிர்ஷ்டம்.

லென்ஸ்_கவுன்டர்:
விலைக்கு வருவோம். எல்லாரும் பெட்டி விலையைக் கேட்கிறார்கள், வருஷத்துக்கு எத்தனை பெட்டி என்று கேட்பதில்லை.

வாரம் 3 நாள், 2 கண், 52 வாரம்: 312 லென்ஸ். டெய்லி (ஒரு நாள் போட்டு எறியும் லென்ஸ்) என்றால் 30 லென்ஸ் பெட்டி 11 வாங்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் என்றால் பெட்டியைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம், வேறு வேறு பவர் என்றால் கண்ணுக்கு 6 ஆக 12. சொல்யூஷனும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம்.

மாத லென்ஸ் என்றால் 24 லென்ஸ், அதாவது 6 லென்ஸ் பெட்டி நாலு. இங்கேதான் ஏமாறுவார்கள். 'வாரம் மூணு நாள்தானே போடறேன், ஒரு ஜோடி ரெண்டரை மாசம் வரும்' என்று கணக்குப் போடுவார்கள். வராது. உறையைக் கிழித்த நாளிலிருந்து 30 நாள், போட்டாலும் போடாவிட்டாலும். சொல்யூஷன் செலவு தனி: லென்ஸை அலச, டப்பா இரண்டு குழியையும் நிரப்ப, ஒரு ராத்திரிக்கு ஏறக்குறைய 10 மி.லி. வருஷத்துக்கு 156 ராத்திரி என்றால் 1,560 மி.லி. 355 மி.லி. பாட்டில் ஐந்து.

இப்போது உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்: டெய்லி 11 பெட்டி ஒரு பக்கம், மாத லென்ஸ் 4 பெட்டியும் 5 பாட்டிலும் மறுபக்கம். வாரம் இரண்டு மூன்று நாள் ஆட்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட வந்துவிடும், சில நேரம் டெய்லியே குறையும். தினமும் போடுகிறவருக்கு டெய்லி 25 பெட்டி ஆகும், அவருக்கு மாத லென்ஸ்தான் மலிவு.

355 மி.லி. பாட்டிலைத் திறந்தால் பெரும்பாலும் 90 நாள்தான் கெடு, லேபிளில் பாருங்கள். எப்போதாவது ஒரு நாள் போடுகிறவர் பெரிய பாட்டில் வாங்கினால் பாதி வீண். சின்னது வாங்குங்கள்.

கருவிழி_ஸ்கேன்:
வருஷ லென்ஸ் என்றீர்களே. ஒரு லென்ஸின் விலையை 365ஆல் வகுத்தால் அதைவிட மலிவு கிடையாதுதான். ஆனால் மூன்று நான்கு மாதத்தில் கண்ணீரில் உள்ள புரதம் லென்ஸ் மேல் படிந்து இறுகிவிடும். மேல் இமையின் உட்பக்கம் கொப்புளம் கொப்புளமாகத் தடிக்கும். லென்ஸைக் கழற்றிய பிறகுதான் அரிப்பு அதிகமாகும், அதுதான் அடையாளம். காலையில் நூல் மாதிரி பீளை, மதியத்துக்குமேல் லென்ஸ் மேலே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். லென்ஸைச் சில வாரம் நிறுத்தினால் அடங்கும், அதே லென்ஸைத் திரும்பப் போட்டால் திரும்ப வரும்.

உங்கள் பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டியில் போடும் ஆக்சிஜன் அளவு, டிகே/டி என்பார்கள், -3.00 லென்ஸின் நடு மையத்தில் அளந்தது. மைனஸ் லென்ஸ் ஓரத்தில்தான் தடிமன். -6.50இல் ஓரம் நன்றாகவே தடித்துவிடும், அங்கே ஆக்சிஜன் அந்த எண்ணைவிடக் குறைவு. பழைய ஹைட்ரோஜெல் என்ற பொருளில் செய்த லென்ஸ் போட்டு நாள் முழுக்க இருந்தால் கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவக்கும், நாளாக நாளாக ரத்தக் குழாய் உள்ளே நுழையும். ஆக்சிஜன் கூடுதலாக விடும் சிலிகான் ஹைட்ரோஜெல் வாங்குங்கள். அவற்றின் டிகே/டி: பயோஃபினிட்டி 160, அக்யூவியூ ஒயாசிஸ் (இது இரண்டு வார லென்ஸ், மாத லென்ஸ் இல்லை) 147, ஏர் ஆப்டிக்ஸ் 138. -3.00க்கும் குறைவான பவர்காரர், ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் போடுகிறவர், சாஃப்லென்ஸ் 59 மாதிரி மலிவு லென்ஸிலேயே ஓட்டிவிடலாம்.

லென்ஸ்_கவுன்டர்:
@கருவிழி_ஸ்கேன் சரி. அதோடு, கடைகளின் சொந்தப் பெயரில் வரும் லென்ஸைப் பிராண்டு பார்த்துத் தள்ள வேண்டாம். பெட்டியில் பொருளின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும்: காம்ஃபில்கான் ஏ, செனோஃபில்கான் ஏ, ஹிலாஃபில்கான் பி. அதையும் பேஸ் கர்வ் (லென்ஸின் உட்பக்க வளைவு), டயாமீட்டர் (விட்டம்) இரண்டையும் ஒப்பிடுங்கள். பேஸ் கர்வ் 8.4 ஒத்துவந்தவருக்கு 8.8 வைத்தால் சிமிட்டும்போதெல்லாம் நழுவும், பார்வை ஒரு நொடி கலங்கித் தெளியும். 8.8 வேண்டியவருக்கு 8.4 போட்டால் முதல் மணி நேரம் ரொம்ப சுகமாக இருக்கும், பிறகு வெள்ளை விழியில் வட்டமாக அச்சு விழும். கண்ணாடிச் சீட்டில் இந்த இரண்டும் இருக்காது. ஒருமுறை காசு கொடுத்து ஃபிட்டிங் பார்த்து எழுதி வாங்கிக்கொண்டால், பிறகு எங்கே மலிவோ அங்கே வாங்கலாம்.

பேன்சி கடையில் தொங்கும் கலர் லென்ஸுக்கு இது எதுவுமே கிடையாது. ஜீரோ பவர் என்றாலும் அது கருவிழி மேல் உட்காரும் பொருள்தான்.

கோவை_ஆப்டோ:
சிக்கனம் பிடிக்கக் கூடாத இடங்கள். நேற்றைய சொல்யூஷன் மேலேயே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது, சலைன் பாட்டிலை சொல்யூஷன் என்று நினைத்து ஊறவைப்பது (சலைன் அலச மட்டும், கிருமியைக் கொல்லாது), டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவது. தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழிக்குள் போனால் மாதக்கணக்கில் மணிக்கொரு சொட்டு மருந்து. மினரல் வாட்டரும் தண்ணீர்தான். லென்ஸோடு குளியல், கிணறு, நீச்சல்குளம் எதுவும் வேண்டாம். 'தேய்க்கத் தேவையில்லை' என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் உள்ளங்கையில் வைத்து ஒரு பக்கத்துக்கு 20 நொடி தேய்த்து அலசுங்கள். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டாக்டர். லென்ஸையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள், கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்ப்பது) செய்ய உதவும். மருந்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடுவதும், கண்ணைக் கட்டி வைப்பதும் கெடுதலைக் கூட்டும்.

கருவிழி_ஸ்கேன்:
லேசிக். இதற்கும் மனக்கணக்கு உண்டு. ஒரு டயாப்டருக்குச் (பவரின் அலகு) செதுக்கும் ஆழம் = செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை (மி.மீ.) அதாலேயே பெருக்கி, மூன்றால் வகுத்தது. 6 மி.மீ. வட்டத்துக்கு 12 மைக்ரான், 6.5க்கு சுமார் 14. இயந்திரத்துக்கு இயந்திரம் சற்று மாறும், ஆனால் டாக்டர் சொல்லும் எண் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க இது போதும்.

உங்கள் வலது கண்ணை எடுத்துக்கொள்வோம். அதிகபட்சம் 7.75 × 14 = 109 மைக்ரான். லேசிக்கில் மேலே தூக்கும் மூடி 110. சேர்த்து 219. 498லிருந்து கழித்தால் மிச்சம் 279. குறைந்தது 250 வேண்டும் என்பது பழைய விதி, 300 இருந்தால் நிம்மதி என்பவர்கள் அதிகம். இன்னொரு அளவுகோல்: 219 என்பது 498இல் 44 சதவீதம். 40ஐத் தாண்டினால் கருவிழி பலவீனப்பட்டு முன்னால் துருத்தும் ஆபத்து கூடுகிறது. வட்டத்தை 6 மி.மீ. ஆக்கினால் 93 + 110 = 203, சதவீதம் 41க்கு இறங்கும். ஆனால் இருட்டில் உங்கள் கண்பாப்பா 7 மி.மீ. விரிந்தால் எதிர்வண்டி ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் தெரியும். இரவில் வண்டி ஓட்டுகிறவரா என்பதைச் சொல்லாமல் இதை முடிவு செய்யக் கூடாது.

ஸ்மைல்: மூடி கிடையாது, 2 முதல் 4 மி.மீ. வெட்டு வழியாக உள்ளிருந்து ஒரு தட்டை உருவுவார்கள். ஆனால் மேல்தகடு 120 விட்டு, உருவும் தட்டும் அதே பவருக்கு இன்னும் தடிமனாக வரும். உங்கள் கண்ணில் மிச்சம் 250ஐ ஒட்டி, அல்லது கீழே. ஸ்மைல் என்றால் மெல்லிய கருவிழிக்கும் சரி என்ற பேச்சை இந்தக் கழித்தலோடு வைத்துப் பாருங்கள்.

பிஆர்கே (மேல்தோலை நீக்கிவிட்டு நேரடியாக லேசரால் செதுக்குவது): மூடியே இல்லை, மேல்தோல் 50 மைக்ரான் மட்டும் போகிறது. 498 - 50 - 109 = 339. எண்ணைப் பார்த்தால் நல்லது. அதற்குப் பதிலாகப் பட வேண்டியது: மூன்று முதல் ஐந்து நாள் நல்ல வலி, அதுவரை பேண்டேஜ் லென்ஸ், பார்வை முழுக்கத் தெளிய வாரங்கள் ஆகும், அதிகப் பவரில் கருவிழி மங்கும் வாய்ப்பு. அதைத் தடுக்கத்தான் 0.02 சதவீத மைட்டோமைசின் மருந்து வைக்கிறார்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு சொட்டு போகும், கண் அழுத்தம் பார்க்காமல் தொடரக் கூடாது.

ஐசிஎல்: கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள் லென்ஸ். கருவிழிக்குப் பின்னால் இடம் 2.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. செலவு அதிகம், இந்தியாவிலேயே செய்யும் ஐபிசிஎல் அதைவிடக் குறைவு. -8, -10 ஆட்களுக்கு முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

தடிமன் மட்டும் போதாது. கருவிழியின் பின்பக்க மேப்பில் கீழ்ப்பாதி எழும்பியிருந்தால் 560 மைக்ரான் இருந்தாலும் வேண்டாம். கண்ணைக் கசக்கும் பழக்கம், வீட்டில் யாருக்காவது கூம்புக் கருவிழி (கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தும் நோய்), இரண்டையும் நீங்களே சொல்லிவிடுங்கள், யாரும் கேட்காமல் போகலாம். ஷிர்மர் தாள் (கண்ணீரை அளக்க இமையில் வைப்பது) ஐந்து நிமிஷத்தில் 10 மி.மீ. நனையாவிட்டால் கண் வறட்சியை முதலில் சரிசெய்ய வேண்டும்.

காலை_காப்பி:
இடையில் ஒரு துணுக்கு. லேசிக்கில் செதுக்கும் 193 நானோமீட்டர் எக்சைமர் லேசர் சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் சுத்தமாகச் செதுக்கும் என்று 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டவர்களில் ஒருவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1929இல் பிறந்த மதராஸ்காரர். சோதித்துப் பார்த்தது விருந்தில் மிஞ்சிய வான்கோழி மேல்!

பாலிசி_கிளெய்ம்:
காப்பீடு பற்றி யாரும் சொல்லவில்லை. மெடிக்ளெய்மில் பவர் 7.5 டயாப்டருக்குக் குறைவு என்றால் பார்வைத் திருத்தச் செலவு கிடையாது, பாலிசியில் விலக்கு எண் 15 என்று இருக்கும். உங்கள் வலது கண் சிலிண்டரில் பாதியைச் சேர்த்தால் 7.37, இடது 7.00. மயிரிழையில் வெளியே. இதை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

பேக்கேஜ் விலை கேட்கும்போது: ஸ்கேன் சேர்ந்ததா, இரண்டு கண்ணுக்குமா, சொட்டு மருந்து உண்டா, பவர் திரும்பினால் மறு சிகிச்சை எத்தனை வருஷம் வரை இலவசம். நான்கையும் எழுத்தில் வாங்குங்கள்.

ரயில்வேயில் துணை லோகோ பைலட்டுக்கு விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால் லேசிக்கே வேண்டாம். செய்தவர்களை எடுப்பதில்லை.

கோவை_ஆப்டோ:
நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மைனஸ்காரர் இன்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் படித்துவிடுகிறார். லேசிக்குக்குப் பிறகு அந்த வசதி போய்விடும், படிக்கும் கண்ணாடி வரும். 'ஒரு கண் தூரம், ஒரு கண் கிட்டே' முறையை யோசித்தால் முதலில் லென்ஸிலேயே இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். தலை சுற்றினால் லென்ஸைக் கழற்றிவிடலாம், செதுக்கியதை ஒட்ட முடியாது.

சர்ஜரிக்கு முந்தைய பவர், கே ரீடிங் (கருவிழி வளைவின் அளவு), தடிமன் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கண்புரை லென்ஸ் பவர் கணக்கிட அவை வேண்டும். பவர் போனாலும் கண் நீளமானது நீளமானதுதான், விழித்திரைப் பரிசோதனை வருஷா வருஷம் தொடர வேண்டும்.

மைனஸ்_ஏழு:
எல்லாருக்கும் நன்றி. பிஆர்கேயா ஐசிஎல்லா என்ற அளவுக்கு வந்துவிட்டேன். ஸ்கேனுக்குப் போகும்போது லென்ஸ் கழற்றியிருக்க வேண்டுமா?

கருவிழி_ஸ்கேன்:
மென் லென்ஸ் ஒன்று முதல் இரண்டு வாரம், டோரிக் இரண்டு வாரம், கடின லென்ஸ் மூன்று நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். லென்ஸ் கருவிழியை வீங்க வைக்கும், வளைவையும் மாற்றும். அந்த 498 எடுத்தபோது எத்தனை நாள் கழற்றியிருந்தீர்கள்?

மைனஸ்_ஏழு:
முதல் நாள் ராத்திரி வரை போட்டிருந்தேன்.

கருவிழி_ஸ்கேன்:
அப்போ 498ஐ அடித்துவிடுங்கள். இரண்டு வாரம் கண்ணாடியில் இருந்துவிட்டு மறுபடி எடுங்கள். புது எண் வந்ததும் போடுங்கள், மேலே உள்ள கழித்தல் எல்லாவற்றையும் திரும்பச் செய்வோம்.