ஆடும் கடைவாய்ப்பல்: ஸ்டெம் செல் உருண்டை வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி (கடைவாய்):
கீழ்வரிசை வலப்பக்கக் கடைவாய்ப்பல் லேசாக ஆடுகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் கம்பி விட்டுக் குழியின் ஆழத்தை அளந்த டாக்டர் "ஏழு" என்றார். எழுதிக்கொண்டிருந்த உதவியாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நல்ல ஈறில் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) உருண்டையாக வளர்த்து வைத்தால் எலும்பு திரும்ப வளரும் என்று படித்தேன். அதுவரை இப்படியே விடலாமா? பிடுங்க மனசு வரவில்லை.

பதில் (செல்வளர்ப்பவள்):
என் வேலையே இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். பல் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. நடுவில் கால் மில்லிமீட்டர்கூட வராத நார்ப்படலம் ஒன்று இருக்கிறது; நாரின் ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் புதைந்திருக்கும். அந்தப் படலத்தில் ஸ்டெம் செல் இருப்பதை 2004-இல் காட்டினார்கள். பிடுங்கிய ஞானப்பல்லின் வேரில் நடுப்பகுதியை மட்டும்தான் சுரண்டுவோம். மேலே போனால் ஈறு செல் கலந்துவிடும்.

தட்டில் பரப்பி வளர்த்த செல்லைப் பெயர்த்தெடுக்க டிரிப்சின் என்ற நொதியை ஊற்றினால், செல்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் புரதங்களும் அறுந்துபோகும். ஆனால் பிரிந்த செல்களை, எதுவும் ஒட்டாத வளர்ப்புத்தட்டுக் குழிக்குள் விட்டால் அவை தாமே உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும். மாலையில் வெறும் கலங்கல். மறுநாள் காலை ஊசிமுனை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. இத்தனை வருடம் கழித்தும் வந்தவுடன் முதலில் அதைத்தான் பார்ப்பேன். தான் சுரந்த கொலாஜன் என்ற நார்ப்புரதத்தோடு இருப்பதால் அப்படியே எடுத்து வைக்கலாம். ஆனால் பெரிதாக்க முடியாது: ஆக்சிஜன் 200 மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு மேல் சரியாக எட்டாது, நடுவில் இருப்பவை செத்துவிடும்.

நாய்களில் இப்படிப்பட்ட செல் உருண்டைகளை வைத்து நார், எலும்பு இரண்டும் வளர்ந்ததை ஹிரோஷிமாவில் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களில், செல்லைத் தாள்போல வளர்த்து 10 பேருக்கு வைத்த முடிவு 2018-இல் ஜப்பானிலிருந்து வந்தது. உங்கள் டாக்டர் நாளைக்கே எடுத்து வைக்கும் சிகிச்சை இல்லை இது. தயவுசெய்து காத்திருக்காதீர்கள். சீழ் பிடித்த ஈறுக்குழியில் எந்த உருண்டையும் பிழைக்காது, கிருமிக்கு எலும்பு கரைந்துகொண்டேதான் போகும்.

கடைவாய்:
அப்படியானால் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்துவிடட்டுமா?

பதில் (ஈறுவைத்தியர்):
அவசரம் வேண்டாம். 7 மில்லிமீட்டர் என்பதற்காக மட்டும் பிடுங்க வேண்டியதில்லை. முதலில் வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சில வாரம் கழித்துத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வர வேண்டும், புகையை விட வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு கிணறுபோல இறங்கியிருந்தால், ஈறு செல் முந்தி உள்ளே புகாமல் சவ்வு வைத்துத் தடுத்து, மெதுவாக வளரும் நாருக்கு இடம் விடும் அறுவை சிகிச்சை இன்றைக்கே இருக்கிறது.

செல்வளர்ப்பவள்:
ஆமாம். அப்புறம், இம்ப்ளான்ட் நேராக எலும்பில் பிடிக்கும், அதற்கு இந்த நார் கிடையாது. மென்று கடிக்கும்போது சின்னக் கல் பட்டால்கூடச் சட்டென்று தெரிகிறதே, அந்த உணர்வின் பெரும்பங்கு நாரிலிருந்துதான் வருகிறது.

கடைவாய்:
சுத்தம் செய்ய வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கி வருகிறேன்.