மறு: புதிய போர்டுக்கு ‘செட்டிங்’ போடுவதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம்ங்க.

இரண்டு நாளாக இந்த விவாத இழையைப் படித்து வருகிறேன். மெஷினை இயக்கும் மின்னணுச் சுற்று பொருத்திய ‘போர்டு’க்குத் தமிழில் பலகையா, பலகமா, அட்டையா என்றே பேச்சு முழுக்கச் சுற்றுகிறது. திருப்பூர், பெருந்துறை, ஈரோடு வட்டாரத்துச் சலவைப்பட்டறைகளில் மெஷின்களுக்குப் போர்டு மாற்றுவதுதான் என் பிழைப்பு. என்னைக் கேட்டால், போர்டு போர்டாகவே இருக்கட்டும்.

‘கட்டுப்பாட்டுப் பலகை’ ஏன் வேண்டாம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு மெஷினில் “பலகையைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்” என்று தமிழில் ஒட்டியிருந்தார்கள். ஆபரேட்டருக்குப் பலகை என்றால் பட்டன் இருக்கும் முகப்பு. அதைத் தொட்டுத்தான் தினமும் மெஷினை ஓட்டுகிறார். பொருளில்லாத எச்சரிக்கை என்று அதைப் படிப்பதையே விட்டுவிட்டார். எச்சரிக்கை சொன்னதோ உள்ளே இருக்கும் போர்டை. அங்கே மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரில் 415 வோல்ட் மும்முனை மின்சாரம் டிசி ஆக மாறி 580 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மெயினை அணைத்த பிறகும் உடனே இறங்காது. அந்த இடத்தில் ஒரே சொல் இரண்டு பொருளைக் காட்டக் கூடாது.

சரி, எனக்குச் சொல் இல்லாமல் தவிப்பது அந்தப் பொருளுக்கு அல்ல, போர்டைப் பூட்டிய பிறகு செய்கிற வேலைக்கு.

பூட்டுவது அரை மணி நேரம்தான். நாலு ஸ்க்ரூ, ஏழெட்டுக் கனெக்டர். முதலாளி பக்கத்திலேயே நின்று பார்ப்பார். டிஸ்ப்ளே எரிந்ததும் “முடிஞ்சுதுங்களா, துணி போட்டுடலாங்களா?” என்பார். உண்மையில் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. புதிதாக வந்த போர்டுக்குத் தான் உட்கார்ந்திருப்பது எந்த மெஷினில் என்று தெரியாது. ட்ரம் எத்தனை கிலோ, சூடு நீராவியிலா ஹீட்டரிலா, தண்ணீர் வால்வு எத்தனை, இன்வெர்ட்டருக்கு எந்த எண், பிழியும்போது எத்தனை சுற்று, எல்லாவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னதும் போதாது, மெஷினும் அதற்கு ஒப்புகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் மட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்டு தண்ணீரைப் பார்ப்பதில்லை. ஒரு சின்ன ரப்பர் குழாயில் அடைபட்ட காற்றின் அழுத்தம்தான் அதற்குத் தெரியும். 10 செ.மீ. தண்ணீருக்குச் சுமார் 1 கிலோபாஸ்கல். அதனால் நான் தண்ணீர் விட்டு, ட்ரம்முக்குள் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, கண்ணால் பார்த்த மட்டத்தையும் டிஸ்ப்ளே காட்டும் மட்டத்தையும் ஒப்பிடுவேன். வெப்பத்துக்கு, சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 138.5 ஓம் மின்தடையை வைப்பேன். சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் பி.டி.100 வகை சென்சார் என்றால் டிஸ்ப்ளே 100 டிகிரி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சென்சார் வகையையே தப்பாகக் கொடுத்திருக்கிறோம்.

போர்டைப் பூட்டியதோடு நிறுத்திவிட்ட ஒரு பட்டறைக்கு நான் பிறகு போனேன். தண்ணீர் தேவைக்கு மேல் ஏறியிருக்கிறது. ஜீன்ஸ் துணிகள் ஒன்றோடொன்று உரசாமல் மிதந்திருக்கின்றன, ஃபேடு, அதாவது வெளுத்த தோற்றம், வரவே இல்லை. இரண்டு நாள் கெமிக்கலை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னதை யாரும் இங்கே மறக்கவில்லை. கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்கிற ஊரில், கூடுதலாக ஏறிய ஒவ்வொரு லிட்டருக்கும், அதைச் சுத்திகரிக்க இரண்டாவது முறை காசு கொடுக்க வேண்டும்.

பிழியும் வேகம் தவறினால் இன்னும் மோசம். ஒரு மீட்டர் விட்டமுள்ள ட்ரம் நிமிடத்துக்கு 700 சுற்றில் ஓடினால் துணியை இழுக்கும் விசை புவியீர்ப்பைப் போல 270 மடங்குக்கு மேல். 900 சுற்று என்று தப்பாகப் போட்டால் 450 மடங்கு. பேரிங் தாங்காது.

இவ்வளவுக்கும் சேர்த்து இருப்பது ‘செட்டிங்’ என்கிற ஒரே சொல். ஆபரேட்டர் புரோகிராம் 3-ஐத் தேர்ந்தெடுப்பதும் செட்டிங்தான், நான் ஒரு பகல் முழுக்கச் செய்வதும் செட்டிங்தான். பில்லில் எழுதினால் “பட்டன் அமுக்கினதுக்கு இவ்வளவுங்களா?” என்று கேட்கிறார்கள். வேலைக்குப் பெயர் இல்லாவிட்டால் கூலியும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இங்கே வந்த சொற்களில் ‘உள்ளமைவு’ நல்ல சொல். மெனுவில் எண்களை நிரப்புவது வரைக்கும் சரியாகப் பொருந்தும். ஆனால் ஸ்கேலை வைத்துப் பார்ப்பது அதில் வராது. ‘அளவுத்திருத்தம்’ அந்த ஸ்கேல் வேலைக்கு மட்டும் பொருந்தும். ‘நிறுவுதல்’ வேண்டாங்க, அது சிலைக்கும் சங்கத்துக்கும் போய்விட்டது.

நான் முன்வைப்பது ‘பிணைத்தல்’, பெயராகச் சொன்னால் ‘பிணைப்பு’. எங்கள் அப்பா சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டியவர். பழைய பாவு, அதாவது தறியில் நெடுக்காக ஓடும் இழைத் தொகுதி, தீரும்போது அதை அறுத்து எறிந்துவிட மாட்டார்கள். தறியின் விழுதுக் கண்ணிகளிலும் அச்சுச் சீப்பிலும் கோத்த பழைய இழைகளின் நுனியை அப்படியே விட்டு, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முறுக்குவார்கள். சாம்பலைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு உருட்டு. அடுத்த இழை. மறுபடி ஒரு உருட்டு. ஆயிரக்கணக்கில். ஒரு இழை இடம் மாறினால் அந்தப் பாவு தீரும் வரை துணியில் அந்தக் கோடு விழும். பழையது எப்படி இருந்ததோ அதோடு புதியதை ஒன்றுக்கொன்று நேராகச் சேர்க்கிற வேலை. போர்டில் நான் செய்வது எனக்கு இதுவாகத்தான் தெரிகிறது. மாற்றுவதற்கு முன் பழைய போர்டின் எண்களையும் அதிலுள்ள டிப் சுவிட்சுகள் என்கிற குட்டி சுவிட்சுகள் நிற்கும் நிலையையும் குறித்துக்கொள்கிறேனே, அதுதான் விடப்பட்ட பழைய நுனி.

‘பிணைப்பு’ வேதியியலில் இருக்கிறதே என்று இந்த விவாதத்தில் எழுதும் கோவை நண்பர் கேட்கலாம். இருக்கட்டும், சலவைப்பட்டறையில் அந்தக் குழப்பம் வராது. ‘இணைத்தல்’ என்று காதில் விழாதா என்பது அதைவிட நியாயமான கேள்வி, எனக்கும் தோன்றியதுதான். ஆனால் எங்கள் பக்கம் வயரை யாரும் இணைப்பதில்லை, கனெக்சன் கொடுக்கிறார்கள். பிணைப்பதைப் ‘பெணைக்கறது’ என்போம். விசைத்தறி ஊர்க்காரர் எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு உதவியாளப் பையனிடம் சொல்லிப் பார்த்தேன். “போர்டு பூட்டியாச்சு, இன்னும் பெணைக்கலைங்க” என்று மறுநாள் அவனே போனில் சொன்னான்.

இதிலிருந்து இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. கடைசியாக நின்ற எண்களை எழுதி மெஷின் கதவின் உட்புறம் ஒட்டிவைக்கும் காகிதம், ‘பிணைப்புத் தாள்’. பெருந்துறையில் அடுத்து மாற்றப்போகும் மெஷினில் இந்தத் தலைப்போடு ஒட்டலாம் என்றிருக்கிறேன். அச்சடிக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. இதைவிடப் பொருந்துகிற சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள். குறிப்பாகத் தறியோடு பழக்கமில்லாத தஞ்சாவூர், நெல்லைப் பக்கத்து நண்பர்களுக்கு ‘பிணைத்தல்’ என்றதும் என்ன தோன்றுகிறது என்று தெரிய வேண்டும்.