தோட்ட லயங்களுக்கும் தம்பானைக்கும் தொற்றுநோய்த் தகவலைக் கொண்டுபோவது எப்படி?

அக்கரப்பத்தனை இளைஞன்:
அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். கொவிட் மாதிரி இன்னொன்று வந்தால் கடைசி நேரத்தில் ஓடித் திரியாமல் இருக்க, மூன்று தேயிலைத் தோட்டங்களின் லயங்களுக்கு (வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளுக்கு) இப்போதே ஒரு தகவல் திட்டம் போடுகிறோம். 2020இல் வந்த சுவரொட்டிகள் கடைச் சுவரில் ஒட்டியதோடு சரி. இந்த முறை 2,000 துண்டுப்பிரசுரம் அடிக்கலாம் என்று யோசனை. அதே தாளை மஹியங்கனைப் பக்கம் தம்பானையில் இருக்கும் வேடர் (ஆதிவாசி) மக்களுக்கும் கொடுக்கலாமா?

பெரியமலை:
தம்பி, அச்சகத்துக்குப் போக முன்னம், எழுதப்போவது லயத்தில் நடக்கிற காரியமா என்று பாருங்கள். "நோயாளி தனி அறையில் இருக்க வேண்டும்" என்று போட்டால், ஒற்றைக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் அந்த ஒரு வரியே மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இது நமக்குச் சொன்னதில்லை என்று தாளை அடுப்புக்குப் போட்டுவிடுவார்கள்.

அங்கே செய்யக்கூடியதை எழுதுங்கள். காய்ச்சல்காரர் வாசல் அல்லது ஜன்னல் பக்கம் படுக்கட்டும், மற்றவர்கள் அவர் கால்மாட்டுப் பக்கம் தலை வைக்கட்டும். முடிந்தவரை ஒரு மீட்டர் இடைவெளி. காற்று ஓட ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷமாவது கதவு ஜன்னலைத் திறந்து வைக்கணும், குளிராக இருந்தாலும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின் ஜன்னல் கிடையாது. அங்கே முன்கதவு ஒன்றுதான் வழி, அதனால் உள்ளே இருக்கும் எல்லாருக்கும் முகக்கவசம். குறுக்கே சேலை கட்டித் தொங்கவிட்டால் மறைவு கிடைக்கும், காற்று நின்றுபோகும். இதைத் தனியாகச் சொல்லுங்கள், நிறையப் பேர் அதைத்தான் முதலில் செய்வார்கள்.

இன்னொன்று, 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ். தமிழிலும் பேசலாம், காசு இல்லை. ஆனால் லயத்து வீட்டுக்கு விலாசம் ஏது? தோட்டப் பெயர், டிவிசன், லயத்து நம்பர், வண்டி வந்து நிற்கக்கூடிய இடம் (கோயிலடி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தடி), இந்த நாலையும் எழுதி ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒட்டுங்கள். மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, ஆள் தடுமாறிப் பேசுறார், உதடு நீலம் பாய்ஞ்சிருக்கு, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அச்சடிக்கத்தான் வேணும் என்றால் இந்த ஒரு தாள் போதும்.

பிள்ளைக்காம்பரா அக்கா:
எங்கே, எப்போது சொல்வது என்பதைப் பற்றிச் சொல்கிறேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூட்டம் இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள். எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று தராசையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு வேறு எதுவும் காதில் ஏறாது. காலைப் பிரட்டில் (வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்தில்) மூன்று நிமிஷம், ஒரே ஒரு விஷயம். தொற்று வேகமாகப் பரவுகிற காலத்தில் பிரட்டையே பிரித்து நடத்தச் சொல்லித் தோட்டத் துரையிடம் (மேலாளரிடம்) பேச வேண்டிவரும்.

ஆக நல்ல இடம் பிள்ளைக்காம்பரா, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க அம்மாமார் வருவார்கள், அப்போது உட்கார்ந்து கேட்பார்கள், திருப்பியும் கேட்பார்கள். சொல்லி முடித்ததும் "விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "இன்னைக்கு வீட்டில ராத்திரி ஒரு ஆளுக்குக் காய்ச்சல்னா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். ஐந்து பேரில் இரண்டு பேர் மாற்றிச் சொன்னால் பிழை நம் பேச்சில்.

கோயில் ஸ்பீக்கரில் ஒரு நிமிஷத்துக்கு மேல் போடாதீர்கள். பள்ளத்தாக்கில் எதிரொலித்துச் சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், நிறுத்தி நிறுத்திப் பேசணும். வாட்ஸ்அப் என்றால் வீடியோ வேண்டாம், ரீலோட் பண்ணிய டேட்டாவைத் தின்றுவிடும். 40 செக்கன் குரல்பதிவு. ஆரம்பத்திலேயே திகதியும் பேசுகிறவர் யார் என்பதும் வரணும். இல்லாவிட்டால் போன மாதப் பதிவு இந்த மாதம் சுற்றிவந்து எல்லாரையும் குழப்பும்.

ஹட்டன் ரயில்பாதை:
யாருமே தொடாத ஒன்று: சம்பளம். காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போகும், லயத்தையே மூடினால் எல்லாருடைய பேரும் போகும். பக்கத்து வீட்டுக்காரர் ஏசுவார் என்கிற பயம் வேறு. 14 நாள் உள்ளே இருந்தால் அரிசி, மா, பால்மா யார் கொண்டுவருவது என்பதை நிர்வாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் முதலே பேசி முடித்து, அறிவித்தலின் முதல் வரியாகப் போடுங்கள். அது இல்லாமல் "அறிகுறி இருந்தால் அறிவியுங்கள்" என்றால் பனடோலைப் போட்டுக்கொண்டு மலைக்கு வேலைக்குத்தான் போவார்கள்.

அடுத்தது பண்டிகை. 2020 ஒக்டோபரில் கொழும்புப் பக்கம் மினுவாங்கொடையிலும் பேலியகொடையிலும் கொவிட் கொத்தணிகள் (ஓரிடத்தில் கூட்டமாகத் தொற்று), நவம்பர் 14 தீபாவளி. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற பிள்ளைகள் வரும் நேரம் அது. ஊரில் சொல்வதைவிட அவர்களுக்கு இரண்டு கிழமை முன்னமே செய்தி போகணும், அதுவும் அம்மா எடுக்கிற போன் வழியாக.

வதந்தி வந்தால் கிண்டல் பண்ணாதீர்கள். அந்த டிசம்பரில் கொவிட்டுக்கு மருந்து என்று கொடுத்த கேகாலைப் பாணிக்காக வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடம் போகாதவர்கள் இல்லை. "கொத்தமல்லி குடிங்க, நல்லது. அதோட பரிசோதனையும் செய்யுங்க" என்றால் கேட்பார்கள்.

அக்கரப்பத்தனை இளைஞன்:
மிக்க நன்றி. பொதுக் குழாய், கக்கூஸ் கதவு துடைக்கக் குளோரின் எவ்வளவு? தம்பானை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பெரியமலை:
லேபிளில் 5 வீதம் என்றிருக்கும் திரவமானால் ஒரு லீட்டர் தண்ணீருக்கு 20 மி.லீ. பாணி மருந்தோடு வரும் அளவு மூடியில் 10 மி.லீ. கோடு வரை இரண்டு தடவை. அன்றன்று கலக்கணும், மறுநாளைக்கு வீரியம் குறைந்துவிடும். அழுக்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் இதைப் பூசணும், பூசிப் பத்து நிமிஷம் விடணும். கக்கூஸ் கழுவுகிற அசிட்டோடு சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். ஆள்மேல் தெளிப்பது கூடவே கூடாது.

மஹியங்கனை வாசி:
தமிழ்த் தாளைத் தம்பானைக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை, அங்கே அன்றாடம் பேசுவது சிங்களம். தமிழ் பேசும் வேடர் மக்கள் வாகரைப் பக்கக் கரையோரத்தில் இருக்கிறார்கள். தம்பானையில் முதலில் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவிடம் போய் அனுமதி கேளுங்கள். என்ன சொல்லணும், யார் சொல்லணும் என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும், நீங்கள் சரியான விவரத்தை மட்டும் கொடுங்கள். படம் எடுக்கிற வேலை வேண்டாம். அங்கே நாளாந்தம் சுற்றுலாக்காரர்கள் வந்து பக்கத்தில் நின்று கைபிடித்துப் படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள், நோய் உள்ளே வரும் பெரிய வழி அதுதான். அதனால் உங்கள் முதல் பலகை கிராமத்துக்குள் வேண்டாம். பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில் மூன்று மொழியிலும் வையுங்கள்: காய்ச்சல், இருமல் இருந்தால் திரும்பிப் போங்கள்.