எண்ணூர்க் குறுங்கதை: அந்தக் கடைசி வரி தேவையா?

கல்மண்டபம்:
போன வாரம் நம் வாசகர் குழுவில் எல்லோரும் வாசித்த எண்ணூர்க் குறுங்கதையைப் பற்றித்தான். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்த சமயம். ஒரு பெண் வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கசக்குகிறாள். “எத்தினி வாட்டி கசக்குனாலும் போவாதும்மா” என்கிறான் மகன். “போவும்” என்கிறாள். நிவாரண லிஸ்டில் பேர் வந்ததா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள். இவள் மகன் பக்கம் திரும்பி, “வலையப் புடி” என்கிறாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆசிரியர் ஒரு வரி சேர்க்கிறார்: “கழிமுகம் விதவையின் நெற்றியைப் போல வெறுமையாகக் கிடந்தது.” இது யார் பார்வை? அவள் குனிந்து வலையைக் கசக்குகிறாள், கழிமுகத்தைப் பார்க்கவே இல்லை. அதுவரை அவளுடைய கைகளோடு இருந்த எழுத்து, கடைசியில் எழுந்து தள்ளி நின்றுகொள்கிறது.

தண்டையார்பேட்டை வாசகி:
எனக்கு இதில் உடன்பாடில்லை அண்ணா. கதைசொல்லி பாத்திரத்தின் கண்ணுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? மனதில் உள்ளதைச் சொல்லாத பெண் அவள். அவளுக்குப் பதிலாக நிலம் பேசுகிறது. சங்கப் பாட்டில் கடற்கரை நிலமான நெய்தலின் உரிப்பொருளே, அதாவது அதற்குரிய உணர்வே, இரங்கல்தானே?

நெட்டுக்குப்பம்:
அக்கா, நிலம் பேசட்டும், பொய் பேசக் கூடாது. அந்த நாட்களில் கழிமுகம் வெறுமையாகவா இருந்தது? எங்கள் ஊர் மீனவர்கள் பக்கெட்டிலும் மக்கிலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுப்பு. நாற்றத்தில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. எதையும் நேரில் பார்க்காமல் எழுதிய வரி இது.

தண்டையார்பேட்டை வாசகி:
தம்பி, பிடித்த மீனை வாங்கவும் ஆள் இல்லாத நாட்கள் அவை. தொழில் நின்ற தண்ணீரை வெறுமை என்று சொல்லலாம். கதையைச் செய்தி மாதிரி சரிபார்க்க வேண்டாம்.

கல்மண்டபம்:
நெய்தலைச் சொன்னீர்களே, அதை வைத்தே பேசுவோம். சங்கப் பாட்டின் உள்ளுறையில், அதாவது மறைமுக உவமையில், ‘போல’ வராது. அந்த நிலத்தின் பறவையையும் மரத்தையும் சொல்லிவிட்டு, பொருளை நம்மிடம் விட்டுவிடுவார்கள். இந்தக் கதையில் அந்த வேலையை வலை செய்துவிட்டது. எண்ணெயை எண்ணெயாலேயே கழுவுகிறாள். அதற்கு மேல் என்ன உவமை வேண்டும்?

தண்டையார்பேட்டை வாசகி:
சரி, உவமை பழசு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது யார்? எதற்கும் கலங்காத இரும்புப் பெண். வடசென்னைப் பெண் என்றாலே வாயாடி, இல்லையென்றால் இரும்பு. இந்த இரண்டையும் படித்துப் படித்து எனக்குச் சலித்துவிட்டது. அந்த வரியில்தான் அவளுக்குத் துக்கப்பட ஒரு இடம் கிடைக்கிறது. கெட்ட உவமையாக இருந்தாலும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நெட்டுக்குப்பம்:
துக்கம் முன்னாடியே வந்துவிட்டதே அக்கா! லிஸ்டைப் பற்றிக் கேட்டதற்கு அவள் பதிலே சொல்லவில்லை. குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 என்று அறிவித்திருந்த நேரம். பேர் இருந்திருந்தால் வாய் நிறையச் சொல்லியிருப்பாள். இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல மனம் வராமல்தான் மகனை வேலை ஏவுகிறாள். இதில் இரும்பு எங்கே இருக்கிறது?

தண்டையார்பேட்டை வாசகி:
அப்படி வாசிக்க உங்களுக்கு எண்ணூர் தெரிந்திருக்கிறது. மதுரையில் இருந்து வாசிப்பவருக்கு?

கல்மண்டபம்:
ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுவது மதுரையிலும் புரியும் அம்மா. அந்த வாசகரை ஆசிரியர் நம்பவில்லை. என் குறையே அதுதான்.