மறுமொழி: ‘கிளிசரின் ஷேவிங் சோப்’ – வார்ப்பா, அரைவையா?

அன்பு நண்பர்களே,

வணக்கம். மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எழுதுகிறேன். அரசுப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது, ஊர்ப் பேச்சில் இன்னும் பழைய பெயர்தான். ஷேவிங் சோப்பின் (சவரச் சவர்க்காரத்தின்) வகைகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடிச் சொற்பட்டியல் போடும் இந்த உரையாடல் இழையை இரண்டு நாளாகப் படித்து வருகிறேன். என் மாமா இங்கே முடிதிருத்தும் கடை வைத்திருப்பதால் இந்தப் பொருளோடு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

> ‘கிளிசரின் சவர்க்காரம்’, ‘கொழுப்புச் சவர்க்காரம்’ என்று இரண்டாகப் பிரித்துவிடலாமே?

இந்தப் பிரிப்பை ஏற்க முடியவில்லை. எண்ணெயோ கொழுப்போ காரத்தோடு வினைபுரிந்து சவர்க்காரமாகும்போதே கிளிசரினும் கூடப் பிறக்கிறது, எண்ணெயின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பெரிய ஆலைகளில் உப்புநீர் சேர்த்து அதைத் தனியே பிரித்து எடுப்பது வழக்கம். சிறிய அளவில் காய்ச்சுகிறவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். அப்படிக் காய்ச்சிய மாட்டுக்கொழுப்புக் கட்டியிலும் கிளிசரின் இருக்கத்தான் செய்யும்.

‘கொழுப்பு’ என்ற பெயரும் நிற்காது. எங்கள் ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. செம்பனை எண்ணெயில், கட்டிக்குக் கெட்டித்தன்மை தரும் பாமிட்டிக் அமிலம் மட்டும் நாற்பது விழுக்காட்டுக்கு மேல். அதோடு ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் மாட்டுக்கொழுப்பே இல்லாமல் நல்ல கெட்டிக் கட்டி செய்யலாம். மாட்டுக்கொழுப்பைத் தொடாத நம் வீடுகளுக்கும், ஹலால் பார்க்கும் மலாய்க்காரர்களுக்கும் அதுதான் வசதி. அதைப் போய்க் ‘கொழுப்புச் சவர்க்காரம்’ என்றால் கடையில் யார் வாங்குவார்?

அப்படியானால் உண்மையான வேறுபாடு எங்கே இருக்கிறது? செய்முறையில். கிளிசரின் கட்டி என்று விற்பதை உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். சவர்க்காரம் தானாக இறுகினால் உள்ளே படிகம் படிகமாகக் கட்டி வெளிச்சத்தை மறைக்கும். கூடுதல் கிளிசரின், சர்க்கரை, ஆல்கஹால் போன்றவை சேரும்போது படிகம் வளர வழியில்லாமல் கட்டி கண்ணாடி போல் தெளிகிறது. ‘கொழுப்புச் சவர்க்காரம்’ என்று பிரித்த மற்ற வகையைக் காயவைத்துச் சீவல்களாக்கி, உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டு அரைத்து, கடைசியில் அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். ரப்பர் பாலை உறைய வைத்து இரும்பு உருளையில் விட்டு ஷீட் போட்ட குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தாத்தா கைப்பிடியைச் சுற்ற, மறுபக்கம் தகடு தகடாக வந்து விழுவதைப் பார்த்தவன் நான்.

ஆகவே என் முன்மொழிவு: அச்சில் ஊற்றுவது வார்ப்பு, உருளையில் அரைப்பது அரைவை. தோசை வார்ப்பதும் மாவு அரைப்பதும் எல்லா வீட்டிலும் உண்டு, சொல்லைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

> மழிவழலை?

சோப்புக்கு வழலை நல்ல சொல்தான். ஆனால் இங்கே யாரும் சொல்வதில்லை. எழுத்தில் சவர்க்காரம், பேச்சில் சவுக்காரம். மழித்தல் குறளிலேயே (280) இருக்கும் பழஞ்சொல் என்றாலும் கடைவாசலில் கேட்பது சவரம்தான். ‘சவரச் சவர்க்காரம்’ என்றால் நாக்கு தடுக்குகிறது. ஒரு கட்டி சவுக்காரம் என்று கேட்டு வாங்குகிறோம் அல்லவா, அதனால் ‘சவரக்கட்டி’ போதும். கட்டி என்றதும் உடம்பில் வரும் கட்டி நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வெல்லக்கட்டிக்கு அப்படித் தோன்றுவதில்லையே.

மாமா தெளிந்த வகையைக் ‘கண்ணாடிக் கட்டி’ என்பார். எனக்கு மிகவும் பிடித்த பெயர். ஆனால் வெண்ணிறப் பொடி கலந்து வார்த்த கட்டிகளும் உண்டு, அவற்றின் ஊடே எதுவும் தெரியாது. அங்கே அந்தப் பெயர் தவறிவிடும்.

பயன்பாட்டில் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன், வரையறை எழுதுபவருக்கு உதவும். வார்ப்புக் கட்டியில் பிரஷை நாலு சுற்றுச் சுற்றினாலே நுரை பொங்கும். கத்தி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் மாமா கடையில் இருக்கும் கட்டியின் நுரை மின்விசிறிக் காற்றில் சீக்கிரம் மெலிந்துவிடுகிறது, இரண்டாம் முறை இழுப்பதற்குள் கன்னத்தில் பாதி காய்ந்திருக்கும். அரைவைக் கட்டிக்குப் பொறுமை வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டினால் கெட்டித் தயிர் மாதிரி நுரை வரும், வந்தால் நிற்கும். ஸ்டியரிக் அமிலத்தின் வேலை அது. தேங்காய் எண்ணெய் பொங்கு நுரை தரும், தாங்கு நுரை தராது. (இந்த இரண்டையும்கூடச் சொற்பட்டியலில் சேர்க்கலாமோ?)

இன்னொன்று, நம் ஊர்க் காற்று. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மாமா கடை அலமாரியில் திறந்து வைத்த கண்ணாடிக் கட்டியின் மேல் காலையில் பார்த்தால் முத்து முத்தாக நீர் நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் அரைவைக் கட்டி உலர்ந்திருக்கும். இதற்கு ‘வியர்ப்பு’ என்று மாமா சொல்வதையே கலைச்சொல்லாக எடுத்துக்கொள்ளலாம்.

நேற்று மாலை சோதித்தும் பார்த்தேன். எந்த விளக்கமும் தராமல் “மாமா, அந்த வார்த்த கட்டிய எடுங்க” என்றேன். நேராகக் கண்ணாடிக் கட்டியை எடுத்து நீட்டினார். அரைவைக்கு மட்டும், “எதுல அரைக்கிறாங்க?” என்று கேட்டார். உருளையைச் சொன்னதும், “ஓ, ஷீட் மெஷினா” என்றார்.

எனவே: வார்ப்புச் சவரக்கட்டி, அரைவைச் சவரக்கட்டி, வியர்ப்பு. உப்புநீரால் கிளிசரினைப் பிரிப்பதற்கு உப்பிட்டுப் பிரித்தல். பொட்டாசியக் காரம் கூடுதலாகச் சேர்ந்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் மென்மையான வகை ஒன்று டப்பியில் வருகிறது. அதைக் கட்டி என்று சொல்ல மனம் வரவில்லை. ‘சவரக்குழைவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் ஷேவிங் கிரீமோடு குழப்பிக்கொள்வார்களோ என்று தயக்கம். ஈழத்து நண்பர்கள் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று தெரிவித்தால் நல்லது.

அன்புடன்.