வரலாற்றுப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிடுகிறார்கள்: வரலாறு படிக்காதவன் போகலாமா?

வவுச்சர்வாசன் கேட்கிறார்:

எனக்குத் தொழில் தணிக்கை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் கணக்கைக் குடைவதுதான் பிழைப்பு. வரலாறு என்றால் பள்ளியில் வருஷங்களை உருப்போட்டதோடு சரி.

இப்போது அலுவலக நண்பர் ஒருவர், பள்ளி மாணவர்களுக்கான வரலாற்று ஆய்வுப் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். வினாடி வினா இல்லை. பிள்ளைகளே ஒரு தலைப்பை எடுத்து மாதக்கணக்கில் தேடிப் படித்து, காட்சிப் பலகையாகவோ ஆவணப்படமாகவோ கட்டுரையாகவோ கொண்டுவருவார்கள். நடுவர்கள் மூன்று பேர் ஒரு குழு. எங்கள் குழுவுக்கு எட்டுக் காட்சிப் பலகைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் நின்று பிள்ளைகளிடம் பேச வேண்டுமாம். சம்பளம் கிடையாது, அதில் வருத்தமும் இல்லை.

கவலை வேறு. ஒரு பிள்ளை சொல்வது சரியா தப்பா என்று எனக்கே தெரியாதபோது எந்த முகத்தோடு மதிப்பெண் போடுவது? சுருக்கங்களை முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று, 1854இல் லண்டனில் வந்த காலரா பற்றியது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார், பிராட் தெரு அடிபம்புதான் காரணம் என்று கண்டுபிடித்தார், பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார், காலரா நின்றது. இதுதான் சுருக்கம். படித்ததும் கை அரித்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். கைப்பிடியைக் கழற்றியது செப்டம்பர் 8. வரைபடம் அச்சில் வந்தது 1855இல், அதாவது கைப்பிடி கழன்ற பிறகு. போதாததற்கு, கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே ஜனங்கள் அங்கிருந்து ஓடிப்போனதால் நோய் நன்றாகவே இறங்கியிருந்தது என்று ஸ்னோவே எழுதிவைத்திருக்கிறார்.

இதை அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்லித் திருத்தலாமா? இல்லை, மதிப்பெண்ணில் வெட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு வர வேண்டுமா? மற்ற ஏழு தலைப்புக்கும் இப்படிக் கண்விழிக்க என்னால் ஆகாது.

இன்னொன்று. பளபளவென்று அச்சடித்து, விளக்கெல்லாம் பொருத்திக் கொண்டுவரும் பலகையைச் செய்தது பிள்ளையா, பிள்ளையின் அப்பாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழுப்பேடு:

தாராளமாகப் போங்கள். இந்த வேலையில் அதிகம் சொதப்புவது வரலாறு படித்தவர்கள்தான். நான் வரலாற்று டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள், பதினோரு வருஷமாக நடுவர். பட்டுத்தான் சொல்கிறேன்.

முதல் வருஷம் ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும், கொலம்பஸ் பற்றிப் பலகை வைத்திருந்தான். முதல் வரியே, "அதுவரை எல்லோரும் பூமி தட்டை என்று நம்பினார்கள்." எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே ஆரம்பித்துவிட்டேன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே எரட்டோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிட்டார், கொலம்பஸ் காலத்தில் படித்தவர்கள் யாரும் தட்டை என்று நினைக்கவில்லை, அவரை மறுத்தவர்கள் தூரக் கணக்கு தப்பு என்றுதான் மறுத்தார்கள், உண்மையிலேயே அவர் கணக்குத்தான் தப்பு. ஒரு வகுப்பே எடுத்தேன். பையன் "சரி மேடம்" என்றான். அப்புறம் எதைக் கேட்டாலும் "சரி மேடம்", "தெரியாது மேடம்" என்ற இரண்டே பதில்தான். கையில் வைத்திருந்த குறிப்பட்டையின் மூலையை மடித்து மடித்துக் கிழித்துக்கொண்டிருந்தான்.

மதிப்பெண் பேச உட்கார்ந்தபோது கூட இருந்த நடுவர் அவனுடைய சான்றுப் பட்டியலை என் பக்கம் தள்ளினார். கொலம்பஸின் நாட்குறிப்புக்கு நேராக அந்தப் பையன் எழுதியிருந்தது இது: மூலப் பிரதி காணாமல் போய்விட்டது, நமக்குக் கிடைப்பது லாஸ் காஸாஸ் என்ற பாதிரியார் எழுதிவைத்த சுருக்கம், ஆகவே எது கொலம்பஸ் பேச்சு எது லாஸ் காஸாஸ் பேச்சு என்று கவனித்துப் படித்தேன். பன்னிரண்டு வயதில்! பெரியவர்களே யோசிக்காத இடம் அது. அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பான். என் புலமையைக் காட்டியதில் அவன் உழைப்பு எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அன்றிலிருந்து என்னிடம் ஒரு கேள்விதான் முதல் கேள்வி: "இது உனக்கு எப்படித் தெரியும்?" போலீஸ்காரர் குரலில் கேட்கக் கூடாது. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்க வேண்டும். "நெட்டில் போட்டிருந்தது" என்று ஒரு பிள்ளை சொல்லும். "இந்தப் புத்தகத்தில் படித்தேன்" என்று இன்னொன்று. "இந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் எழுதியவர் அவருக்கு ஆகாதவர், அதனால் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை" என்று எப்போதாவது ஒன்று சொல்லும். நீங்கள் மதிப்பெண் போட வேண்டியது இந்த மூன்று பதிலுக்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்கு. இதற்கு நீங்கள் வரலாறு படித்திருக்க வேண்டாம். வவுச்சர் எங்கே என்று கேட்கத் தெரிந்தால் போதும், அது உங்கள் தொழில்.

காலராவுக்கு வருகிறேன். திருத்தாதீர்கள். கைப்பிடி கழன்ற தேதியையும் வரைபடம் வந்த தேதியையும் கேளுங்கள்.

அப்புறம், நின்றுகொண்டு குனிந்து பேசாதீர்கள். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்காருங்கள். பலகையின் கீழ்ப்பாதியைப் பிள்ளைகள் பொடி எழுத்தில் நிரப்பியிருப்பார்கள், நிற்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது.

கறார்பேர்வழி:

டீச்சர் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் இளகிய மனசு. தப்பு தப்புதான். பலகையில் தப்பான தகவல் இருந்தால் வெட்ட வேண்டும், இல்லையென்றால் சரியாக எழுதிய பிள்ளைக்கு அநியாயம்.

என் வழக்கம், பலகையைப் பார்ப்பதற்கு முன் சான்றுப் பட்டியலைப் பார்ப்பது. நாற்பது முதன்மைச் சான்றுகள் என்று பட்டியல் நீளும். பலகையில் தேடினால் அதில் மூன்றுகூட இருக்காது. அந்தக் காலத்தில் இருந்தவர் எழுதிய கடிதம், பதிவேடு, புகைப்படம் இதெல்லாம் முதன்மைச் சான்று. பின்னால் வந்தவர் அவற்றைப் படித்து எழுதியது இரண்டாம் நிலை. இந்த வித்தியாசமே தெரியாமல், பழைய படம் போட்ட இணையப் பக்கத்தை முதன்மை என்று எழுதிவிடுவார்கள். அங்கே பேனாவை எடுங்கள்.

பளபளப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் 1974இல் கிளீவ்லாந்தில் தொடங்கிய நேஷனல் ஹிஸ்டரி டே போட்டியில் மதிப்பீட்டின் 80 விழுக்காடு வரலாற்றுத் தரத்துக்கு, 20 விழுக்காடுதான் வெளிப்படுத்தும் விதத்துக்கு. காட்சிப் பலகையில் மாணவரின் சொந்தச் சொற்கள் 500ஐத் தாண்டக் கூடாது. உங்கள் போட்டியின் மதிப்பெண் தாளிலும் இப்படி ஏதாவது பிரிவினை இருக்கும், முந்தைய நாளே படித்துவிடுங்கள். விளக்குக்கு மதிப்பெண் எந்தக் கட்டத்தில் என்று தேடினால் உங்களுக்கே விஷயம் புரிந்துவிடும்.

முதல் பலகைக்குப் பென்சிலால் போடுங்கள். முதலில் பார்த்தது பிரமாதமாகத் தெரியும். ஆறாவதைப் பார்த்த பிறகு தலையைச் சொறிவீர்கள்.

பழுப்பேடு:

கறார் சார், வெட்ட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பிள்ளையின் முகத்துக்கு நேராக வெட்ட வேண்டாம் என்றுதான் சொன்னேன். பென்சில் யோசனை நல்லது, நானும் அப்படித்தான்.

வெட்டுக்கத்திரி:

நான் நடுவர் இல்லை, பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவள். இப்போது கல்லூரி.

பத்தாவது படிக்கும்போது ரொசெட்டா கல்வெட்டு பற்றி ஆவணப்படம் செய்தேன். பத்து நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. படம் முடிந்ததும் ஒரு நடுவர் கேட்டார்: "எதையெல்லாம் வெட்டினாய்?" அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது, ஏனென்றால் இரண்டு வாரம் அதற்காகத்தான் அழுதிருந்தேன். தாமஸ் யங் பகுதி முழுவதும் போய்விட்டது. 1822இல் ஷாம்போலியன் அந்தக் கல்லில் இருந்த பழைய எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டியதற்கு முன்பே தாலமி என்ற அரசர் பெயரை யங் அடையாளம் கண்டிருந்தார். "அவரை வெட்டியது நியாயமா?" என்று அடுத்த கேள்வி. "நியாயமில்லை, ஆனால் இரண்டு பேரையும் வைத்தால் படம் போட்டிக் கதையாக மாறிவிடும், கல்வெட்டு பின்னால் போய்விடும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

வவுச்சர் சார், அப்பா செய்ததா பிள்ளை செய்ததா என்பதற்கு இதுதான் வழி. அடுத்தவர் செய்து கொடுத்ததில் என்ன இருக்கிறது என்று மனப்பாடம் செய்துவிடலாம், என்ன இல்லை என்று சொல்ல முடியாது. நான்கைந்து பேர் குழுவாக வந்தால் அதிகம் பேசுகிற ஒருவரையே பார்க்காதீர்கள். ஓரத்தில் நிற்கிறவரிடம் இதைக் கேளுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கருத்துப் பகுதியில் "மிக நன்று, வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். எனக்கு இரண்டு தாள் வந்தது. ஒன்றில் அந்த மூன்று சொல். இன்னொன்றில் ஆறு வரி, அதில் நான்கு குறை. குறை சொன்ன தாள்தான் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

வவுச்சர்வாசன்:

போய்விட்டு வந்தேன். உங்கள் மூன்று பேருக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

விளக்குப் பலகை ஒன்று வந்தது, நிஜமாகவே சின்ன விளக்குகள். தலைப்பு அச்சுக்கலை, ஐரோப்பாவில் உலோக எழுத்தில் அச்சிடத் தொடங்கிய குட்டன்பர்க். எதை வெட்டினாய் என்று கேட்டேன். பையன் கொஞ்சமும் தயங்காமல், கொரியாவில் 1377இலேயே உலோக எழுத்தில் அச்சிட்ட ஜிக்ஜி என்ற புத்தகம் இருப்பதையும், இடமில்லாமல் அதை எடுத்ததையும், எடுத்தது பிடிக்காமல் அம்மாவிடம் சண்டை போட்டதையும் சொன்னான். அப்பா வேலை என்று நான் மனசுக்குள் எழுதிவைத்திருந்த தீர்ப்பை அடித்துவிட்டேன். விளக்கு மட்டும் அப்பா பொருத்தினாராம், அதையும் அவனே சொல்லிவிட்டான்.

காலரா ஐந்தாவது. நாற்காலி போட்டு உட்கார்ந்தேன் டீச்சர். பலகையின் நடுவில் வரைபடத்தைப் பெரிதாகக் கையாலேயே வரைந்திருந்தாள், ஒவ்வொரு இறப்புக்கும் ஒரு கறுப்புக் கோடு. பம்பால்தான் என்று எப்படித் தெரியும் என்றேன், வரைபடத்தைக் காட்டினாள். கைப்பிடி எப்போது கழன்றது என்றேன், செப்டம்பர் 8, 1854 என்றாள். வரைபடம் எப்போது வந்தது என்றேன். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. திரும்பித் தன் பலகையையே பார்த்தாள். படத்தின் அடியில் அவள் கையெழுத்திலேயே 1855 என்று இருக்கிறது. எனக்குப் பதற்றம், டீச்சரின் பையன் மாதிரி ஆகிவிடுமோ என்று. பேசாமல் இருந்தேன். நீளமான பத்து விநாடிகள்.

"அப்போ அவர் எதைக் காட்டிக் கேட்டிருப்பார்?" என்றாள், என்னிடம் இல்லை, பலகையிடம். பிறகு வலது பக்கம் கீழே விரலை வைத்தாள். பொடி எழுத்து. பதிவாளர் அலுவலகத்தில் இறந்தவர் பட்டியலை வாங்கி ஸ்னோ வீடு வீடாகப் போய்க் கேட்டதும், அந்தப் பம்புத் தண்ணீரைக் குடித்ததாக 61 பேர் விஷயத்தில் தகவல் கிடைத்ததும் அங்கே இருந்தது. அதே தெருவில் இருந்த மதுபான ஆலையில் வேலை செய்தவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்காததால் தப்பித்ததும் இருந்தது. "இதைத்தான் நடுவில் போட்டிருக்கணும்" என்றாள். நான் எதையும் திருத்தவில்லை.

மதிப்பெண் பேசும்போது சண்டை. பலகையில் இருப்பதற்குத்தான் மதிப்பெண், பேச்சில் சரிசெய்ததற்கு இல்லை என்றார் ஒருவர், நம் கறார் சாரின் தம்பி போல. தாளைப் படித்தால் அவர் சொல்வதுதான் விதி. ஒத்துக்கொண்டேன். அவளுக்கு மூன்றாம் இடம். குட்டன்பர்க் முதல்.

கருத்துப் பகுதியில் எட்டு வரி எழுதினேன். ஸ்னோவை முதலில் நம்பாமல், தப்பு என்று நிரூபிக்கவே விசாரிக்கப் போய், கடைசியில் அவர் பக்கம் வந்த ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியாரைத் தேடிப் படி என்பது கடைசி வரி. ஒருங்கிணைப்பாளர் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார். கையெழுத்து புரியவில்லையாம். அச்செழுத்து மாதிரி உட்கார்ந்து திரும்ப எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பழுப்பேடு:

பத்து விநாடி பேசாமல் இருந்தீர்களே, எனக்கு அது வர நான்கு வருஷம் ஆயிற்று. கையெழுத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. அடுத்த முறை தாளைக் கொடுப்பதற்கு முன் பக்கத்து நடுவரிடம் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.