நெட் இல்லாத எக்ஸ்பி லேப்டாப்: ஹார்ட் டிஸ்க்கை மாற்ற உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் அச்சகத்தில் ஒரு பழைய லேப்டாப் இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 3, 1 ஜிபி ரேம். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் பாமினி எழுத்துருவில் செய்த கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அதில்தான். "போன வருஷத்து மாதிரியே, தேதியை மட்டும் மாத்திக் கொடுங்க" என்று வருகிறவர்களுக்கு அந்த ஃபைல்தான் வேண்டும்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதனால் வைஃபையை அணைத்தே வைத்திருக்கிறோம். "லினக்ஸ் போடுங்க", "புதுசு வாங்குங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை அப்பாவிடம் நீங்களே வந்து சொல்லிப் பாருங்கள்!

இப்போது ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போடுகிறது. சாட்டா இணைப்பு வகை, 80 ஜிபி. ஒரு சின்ன எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) அப்படியே குளோன் செய்ய, அதாவது முழுதாக நகலெடுக்க நினைக்கிறேன். டிஸ்க்கை நகலெடுக்கும் குளோன்சில்லா மென்பொருளின் 32 பிட் பதிப்பு போதுமா, இல்லை சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு, படிக்க முடிந்ததையெல்லாம் மீட்டெடுக்கும் டிடிரெஸ்க்யூதான் நல்லதா? பயாஸில் (கணினி தொடங்கும்போதே வரும் அமைப்புத் திரை) டிஸ்க்குக்கான புதிய முறையான ஏஎச்சிஐ போட்டால் டிரைவர் இல்லாமல் நீலத்திரை வரும் என்பதால் பழைய ஐடிஈ மோடிலேயே விடப்போகிறேன். அழித்த ஃபைல்களின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் ட்ரிம் வசதி எக்ஸ்பியில் கிடையாதே, எஸ்எஸ்டி தாங்குமா? டிஸ்க் மாறினால் விண்டோஸ் ஆக்டிவேஷன் (உரிமத்தைச் சரிபார்ப்பது) மறுபடி கேட்குமா?

அப்புறம், வாடிக்கையாளர்களின் பென்டிரைவில் வைரஸ் வந்துகொண்டே இருக்கிறது. ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட் ஆகிவிடுகின்றன. பென்டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் ஆட்டோரன்னை நிறுத்தியாயிற்று. நெட் இல்லாமலே அப்டேட் ஃபைலைப் போட்டு ஓட்டக்கூடிய, எக்ஸ்பியில் இன்னும் வேலை செய்கிற ஆன்டிவைரஸ் யாராவது பயன்படுத்துகிறீர்களா?